மெட்ராஸ் ஐ பரவும்போது எடுக்கும் நடவடிக்கை பொருத்தமானதா? அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

வடகிழக்குப் பருவமழையை ஒட்டி, செப்டம்பர் முதல் டிசம்பர் வரை தமிழ்நாட்டில் மெட்ராஸ் ஐ எனப்படும் தொற்றுக் கண் சிவப்பு கூடுவது வழக்கம். 2022 நவம்பரில் மாநிலத்தில் ஏறத்தாழ 1.5 லட்சம் பேர் பாதிக்கப்பட்டிருப்பதாக சுகாதாரத்துறை அமைச்சர் மா. சுப்பிரமணியன் தெரிவித்தார். இப்படிப் பரவும்போதெல்லாம் பள்ளிக்கு விடுமுறை, கருப்புக் கண்ணாடி, இலவசச் சொட்டு மருந்து, தெருவெல்லாம் பிளீச்சிங் பவுடர் எனப் பல வேலைகள் நடக்கின்றன. அவற்றில் எது பயன் தரும், எது வீண், எது கெடுதல் என்று எடைபோட வேண்டிய தலைமையாசிரியர், விடுதிக் காப்பாளர், சுகாதார ஆய்வாளர், உள்ளாட்சிப் பிரதிநிதி ஆகியோருக்காக இந்தப் பக்கம்.

ஒரு நடவடிக்கை பொருந்துமா என்று பார்க்க முதலில் என்ன கேட்க வேண்டும்?

இரண்டே கேள்விகள். ஒன்று, அது கையைத் தொடுகிறதா? இந்த நோய் கண்ணீர், பீளை பட்ட கையிலிருந்து துண்டு, தலையணை உறை, கதவுக் கைப்பிடி, செல்போன் வழியாக இன்னொருவர் கைக்கும், அங்கிருந்து அவர் கண்ணுக்கும் போகிறது. இந்தச் சங்கிலியில் எந்தக் கண்ணியையும் அறுக்காத நடவடிக்கை எவ்வளவு பெரிதாக நடந்தாலும் பலிக்காது. இரண்டு, அதன் கால அளவு கிருமியின் கால அளவோடு ஒத்துப்போகிறதா? தொற்றியதிலிருந்து கண் சிவக்கும்வரை எத்தனை நாள், சிவந்த பின் எத்தனை நாள் பரப்புவார் என்ற கணக்கைப் பார்க்காமல் மூன்று நாள், ஐந்து நாள் என்று விடுமுறை விடுவது குருட்டாம்போக்கு.

இது உண்மையிலேயே பரவலா, ஆண்டுதோறும் வருவதுதானா?

இந்த வாரத்தைப் போன வாரத்தோடு ஒப்பிட்டுச் சொல்ல முடியாது. முந்தைய மூன்று நான்கு ஆண்டுகளில் இதே வாரம் எத்தனை பேர் வந்தார்கள் என்று புறநோயாளிகள் பதிவேட்டில் பாருங்கள். அந்த எண்ணிக்கையைத் தெளிவாகத் தாண்டினால்தான் பரவல்.

எண்ணும் முறையிலும் குழப்பம் நேரும். கண் சிவப்பு என்று வருபவர் எல்லாருக்கும் மெட்ராஸ் ஐ இல்லை. தீபாவளி வாரத்தில் பட்டாசுப் புகையும் காயமும் சேர்ந்துவிடும். 'கடந்த 7 நாளுக்குள் தொடங்கிய சிவப்பு, கூடவே நீர்வடிதல் அல்லது பீளை, அடிபட்ட வரலாறு இல்லை' என்ற மாதிரி ஒரு வரையறையை முதல் நாளே எழுதி எல்லா மையங்களுக்கும் கொடுத்துவிட வேண்டும். இரண்டாம் முறை காட்ட வருபவரை மறுபடி எண்ணக் கூடாது. ஞாயிற்றுக்கிழமை எண்ணிக்கை விழும், திங்கட்கிழமை எகிறும், தொலைக்காட்சியில் செய்தி வந்த மறுநாள் இன்னும் எகிறும். ஆகவே நாள் கணக்கை விட வாரக் கணக்கே நம்பத் தகுந்தது. மாநிலம் முழுவதற்குமான மொத்த எண் செய்திக்கு உதவும். முடிவெடுக்க உங்கள் வட்டாரத்தின் வாரக் கணக்கு வேண்டும்.

எந்த வைரஸ் என்று தெரிந்தால் என்ன, தெரியாவிட்டால் என்ன? வைத்தியம் ஒன்றுதானே?

வைத்தியம் ஏறக்குறைய ஒன்றுதான். பொது சுகாதார நடவடிக்கை ஒன்றல்ல. பரவலை உண்டாக்குவதில் இரண்டு குடும்பங்கள் முக்கியமானவை.

அடினோவைரஸ் மெதுவாக நகரும். தொற்றியபின் கண் சிவக்க 5 முதல் 12 நாள் ஆகும். சிவந்த பின் 10 முதல் 14 நாள் வரைகூடப் பரப்பலாம். காதின் முன்புறம் நெறிகட்டி வலிக்கும். சிலருக்குக் கருவிழியில் புள்ளி விழும். உலர்ந்த பிளாஸ்டிக், உலோகப் பரப்பில் வாரக்கணக்கில் உயிரோடு இருக்கும்.

என்டெரோவைரஸ் 70, காக்ஸாக்கி ஏ24 ஆகியவை வேகமானவை. 12 முதல் 48 மணி நேரத்தில் கண் சிவந்துவிடும். வெள்ளை விழியில் இரத்தத் திட்டு தெரியும். ஒரு வாரத்தில் தணிந்துவிடும். இந்த வகைக் கண் நோய் 1969-இல் கானாவில் முதலில் கண்டறியப்பட்டபோது, அப்பல்லோ 11 நிலவில் இறங்கிய ஆண்டு என்பதால் அங்கே அதை 'அப்பல்லோ நோய்' என்றார்கள். 1971-இல் வங்கதேச அகதிகள் தங்கிய முகாம்களில் பரவியபோது மேற்கு வங்கத்தில் 'ஜெய் பங்களா' என்று பெயர் வந்தது. நெரிசலும் தண்ணீர்ப் பற்றாக்குறையும் உள்ள இடத்தில் இது எவ்வளவு வேகமாக ஓடும் என்பதற்கு அந்த முகாம்களே சாட்சி.

ஆய்வக முடிவு வருமுன் களத்திலேயே ஒரு யூகத்துக்கு வரலாம். ஒரு வீட்டில் முதல் ஆளுக்கும் இரண்டாம் ஆளுக்கும் இடையே எத்தனை நாள் என்று பத்து வீடுகளில் கேளுங்கள். பெரும்பாலும் ஒன்றிரண்டு நாள் என்றால் என்டெரோ வகை. ஒரு வாரம், பத்து நாள் என்றால் அடினோ.

மாதிரி எத்தனை பேரிடம், எப்படி எடுக்க வேண்டும்?

நூறு பேரிடம் எடுக்கத் தேவையில்லை. கண் சிவந்து முதல் மூன்று நான்கு நாளுக்குள் இருக்கும் 10 முதல் 15 பேர் போதும், ஆனால் எல்லாரும் ஒரே பள்ளியைச் சேர்ந்தவர்களாக இருக்கக் கூடாது. செயற்கை இழை முனையுள்ள குச்சியால் கீழிமையின் உட்புறத்தை மெதுவாகத் தடவி, வைரஸ் கடத்து திரவத்தில் போட்டு, 2 முதல் 8 டிகிரி செல்சியஸ் குளிரில் அனுப்ப வேண்டும். மரக்குச்சியும் கால்சியம் ஆல்ஜினேட் முனையும் பிசிஆர் சோதனையைக் கெடுக்கும். சொட்டு மருந்து போடுமுன் எடுப்பது நல்லது. கிண்டி கிங் நிலையம் போன்ற வைரஸ் ஆய்வகங்களுக்கு அனுப்பும்போது நோய் தொடங்கிய தேதியை மறக்காமல் எழுதுங்கள். அந்தத் தேதி இல்லாவிட்டால் 'இல்லை' என்று வரும் முடிவுக்குப் பொருளே கிடையாது.

பார்த்தாலே ஒட்டிக்கொள்ளுமா? கருப்புக் கண்ணாடி போடச் சொல்லலாமா?

பார்வையால் ஒட்டாது. கண்ணாடி வெளிச்சக் கூச்சத்தைக் குறைக்கும், கண்ணைக் கசக்கப் போகும் கையைக் கொஞ்சம் தடுக்கும். அவ்வளவுதான். கழற்றி மேசையில் வைத்தால் அதுவே கிருமியைச் சுமக்கும் பொருளாகிவிடும். கண்ணாடி போட்டிருந்தால் வேலைக்கு வரலாம் என்று விதி வகுப்பது தவறு. பரவலைத் தடுக்காத ஒன்றை அது அனுமதிச் சீட்டாக்கிவிடுகிறது.

பள்ளியை மூடலாமா?

பெரும்பாலும் வேண்டாம். இந்தக் கேள்விதான் அதிகம் வருகிறது, அதனால் சற்று விரிவாக.

அடினோவைரஸ் என்றால், மூன்று நான்கு நாள் மூடுவது கிருமியின் மறைவுக் காலத்தை (தொற்றியதிலிருந்து கண் சிவக்கும்வரை ஆகும் நாட்களை) விடக் குறைவு. மூடிய அன்று தொற்றோடு வீட்டுக்குப் போன பிள்ளை, திறந்த அன்று நலமாகத் திரும்பி வந்து வகுப்பில் உட்கார்ந்த பிறகுதான் கண் சிவக்கும். அதை அடக்க வேண்டுமானால் இரண்டு வாரம் மூட வேண்டும். தானாக ஆறும் ஒரு நோய்க்காக இரண்டு வாரப் படிப்பும் மதிய உணவும் போவது நியாயமில்லை. சத்துணவை நம்பியிருக்கும் பிள்ளைக்கு அந்த இழப்பு கண் சிவப்பை விடப் பெரிது.

என்டெரோ வகை என்றால், நான்கைந்து நாள் மூடினால் கணக்குப்படி ஒரு சுற்றைத் தவிர்க்கலாம். ஆனால் அந்த நாட்களில் பிள்ளைகள் தனித்தனியே அறையில் இருப்பதில்லை. ஒரே பாய், ஒரே துண்டு, தெருவில் ஒரே பந்து. பள்ளியில் நடக்கவிருந்த தொற்று வீட்டில் நடக்கிறது. கூடவே பாட்டிக்கும் கைக்குழந்தைக்கும் போய்ச் சேர்கிறது.

2023 செப்டம்பர் இறுதியில் பாகிஸ்தானின் பஞ்சாப் மாகாணம் முழுவதும் பள்ளிகளைச் சில நாள் மூடியது. திறக்கும்போது வாயிலிலேயே பிள்ளைகளின் கண்ணைப் பார்த்து உள்ளே விடச் சொன்னார்கள். அந்த இரண்டில் எங்களுக்குப் பயனுள்ளதாகத் தெரிவது வாயில் சோதனைதான். காலை வணக்கக் கூட்டத்தில் ஆசிரியர் ஒரு கை தூரத்தில் நின்று பார்த்தால் போதும். இமையை விலக்கிப் பார்க்க வேண்டாம். அடுத்தடுத்த பிள்ளைக்கு ஆசிரியரின் விரலே கிருமியைக் கொண்டுபோகும். சிவந்த பிள்ளையை வரிசையிலிருந்து பெயர் சொல்லி இழுத்து நிறுத்தாமல், தனியே அழைத்துப் பெற்றோருக்குச் சொல்லி அனுப்புங்கள். கூச்சப்பட்ட பிள்ளை மறுமுறை மறைக்கும்.

முழுப் பள்ளியையும் மூடுவது நியாயமாகும் ஒரே நிலை, ஆசிரியர்களில் பாதிப் பேர் கண் சிவந்து வீட்டில் இருந்து, வகுப்பு நடத்தவே ஆள் இல்லாதபோது. அதை நோய்த்தடுப்பு என்று அறிவிக்காமல் ஆள் பற்றாக்குறை என்றே சொல்லிவிடலாம்.

நோயாளிக்கு எத்தனை நாள் விடுப்பு?

பள்ளிப் பிள்ளைக்கும் அலுவலகத்தில் இருப்பவருக்கும் நீர்வடிதலும் பீளையும் நிற்கும்வரை; வழக்கமாக 5 முதல் 7 நாள். அடினோவைரஸ் அதன் பிறகும் கொஞ்சம் பரவலாம் என்பது உண்மை. ஆனால் எல்லாரையும் 14 நாள் வீட்டில் வைத்தால் மூன்றாம் நாளே மறைக்கத் தொடங்குவார்கள். கண் மருத்துவமனை, பச்சிளங்குழந்தைப் பிரிவு, அறுவை அரங்கு ஆகியவற்றில் வேலை செய்பவருக்கு மட்டும் இந்தச் சலுகை கூடாது. அடினோ என்று தெரிந்தால் அவர்களுக்கு முழு 14 நாள்.

பிரிட்டனின் சுகாதாரப் பாதுகாப்பு முகமை சாதாரண கண் சிவப்புக்குப் பிள்ளையைப் பள்ளியிலிருந்து நிறுத்தத் தேவையில்லை என்கிறது. அதை இங்கே மேற்கோள் காட்டுபவர்கள் உண்டு. அது அங்கொன்றும் இங்கொன்றுமாக வரும் நோய்க்கான அறிவுரை. 45 பேர் நெருக்கியடித்து உட்காரும் வகுப்பில் பரவல் உச்சத்தில் இருக்கும்போது அப்படியே பொருந்தாது.

மருத்துவச் சான்றிதழ் கேட்பது சரியா?

பரவல் காலத்தில் வேண்டாம். விடுப்புக்கு ஒரு சான்றிதழ், திரும்பிவர ஒரு சான்றிதழ் என்றால் ஒவ்வொரு நோயாளியும் இரண்டு முறை கூட்டம் நிறைந்த மருத்துவமனைக்குப் போகிறார். அங்கே கதவு, நாற்காலி, பேனா எல்லாவற்றையும் தொடுகிறார். ஒரு வாரம் வரை சான்றிதழ் தேவையில்லை என்று ஒரு சுற்றறிக்கை விட்டால் போதும். செலவே இல்லாத நடவடிக்கை இது, ஆனால் அரிதாகவே யாருக்காவது நினைவுக்கு வருகிறது.

நாள்கூலிக்காரருக்குச் சான்றிதழைத் தளர்த்தினாலும் பயனில்லை. கூலி போனால் சிவந்த கண்ணோடு வேலைக்கு வருவார். திருப்பூர் பனியன் நிறுவன விடுதிகளிலும் கட்டுமானத் தொழிலாளர் கொட்டகைகளிலும் நோய் நிற்காமல் சுழல இதுவே பெரிய காரணம். ஐந்து நாள் சம்பளத்தோடு விடுப்பு கொடுப்பது முதலாளிக்கு நட்டமாகத் தெரியலாம். பாதி ஆட்கள் ஒரே வாரத்தில் படுத்தால் ஆகும் நட்டத்தை எதிரில் வைத்துப் பார்க்கச் சொல்லுங்கள்.

'கை கழுவுங்கள்' என்று சுற்றறிக்கை விட்டிருக்கிறோம். போதாதா?

குழாயை எண்ணுங்கள். 400 பிள்ளைகள் படிக்கும் பள்ளியில் கை கழுவ நான்கு குழாய் இருக்கிறது என்று வைத்துக்கொள்வோம். சோப்பு போட்டு ஒருவர் கழுவ 30 விநாடி. நான்கு குழாயில் 400 பேரும் கழுவி முடிக்க 50 நிமிடம். உணவு இடைவேளை 40 நிமிடம். அதாவது சுற்றறிக்கையை நிறைவேற்றவே முடியாது. ஓட்டை போட்ட பிளாஸ்டிக் குழாயை நீளமாகக் கட்டி ஒரே நேரத்தில் இருபது பேர் கழுவ வழி செய்தால் பத்து நிமிடத்தில் முடியும். சோப்பு தீர்கிறதா என்றும் பாருங்கள். ஒரு வாரமாக அதே சோப்புக் கட்டி அதே அளவில் இருந்தால், யாரும் கழுவவில்லை.

சானிடைசர் பயன்படுமா? கிருமிநாசினிக் கரைசல் என்ன அளவில்?

இந்த வைரஸ்களுக்குக் கொழுப்பு உறை கிடையாது. அந்த உறை உள்ள கொரோனாவுக்கு எளிதாகப் பலித்த ஆல்கஹால் இவற்றிடம் அவ்வளவு பலிப்பதில்லை. தண்ணீர் இல்லாத இடத்தில் சானிடைசர் ஒன்றும் இல்லாததற்குப் பரவாயில்லை. சோப்பும் ஓடும் நீரும்தான் முதல் தேர்வு.

பரப்புகளுக்கு குளோரின். நோயாளி தொட்ட இடங்களுக்கு 0.5 சதவீதக் கரைசல். கடையில் வாங்கும் திரவ பிளீச் 5 சதவீதம் என்றால் 100 மி.லி. உடன் 900 மி.லி. தண்ணீர், 4 சதவீதம் என்றால் 125 மி.லி. உடன் 875 மி.லி. தண்ணீர். 30 சதவீத குளோரின் உள்ள பிளீச்சிங் பவுடர் என்றால் லிட்டருக்கு 17 கிராம். கலக்கித் தெளியவைத்து மேல்நீரை மட்டும் எடுக்க வேண்டும். வழக்கமாகத் துடைக்க 0.1 சதவீதம் போதும், அதாவது மேலே சொன்னதில் ஐந்தில் ஒரு பங்கு. பத்து நிமிடம் ஈரமாக இருக்க விட்டு, பிறகு சுத்தத் தண்ணீரில் துடையுங்கள்.

தவறுவது மூன்று இடங்களில். திறந்து கிடந்த பவுடரில் குளோரின் போயிருக்கும். முகர்ந்தால் காரம் இல்லாவிட்டால் அது சுண்ணாம்புதான். நேற்று கலந்த கரைசல் இன்று உதவாது. தெளித்த உடனே துடைத்தால் கிருமி சாகாது. கழிவறை ஆசிட்டோடு ஒருபோதும் கலக்காதீர்கள், நச்சு வாயு வரும்.

தெருவோரம் பவுடர் தூவுவதும் காற்றில் புகை அடிப்பதும் இந்த நோய்க்குச் சம்பந்தமே இல்லாத வேலைகள். அந்த ஆட்களைக் கதவுக் கைப்பிடி, குழாய்த் திருகு, மாடிப்படிக் கம்பி, ரேஷன் கடையின் கைரேகை இயந்திரம் ஆகியவற்றைத் துடைக்க அனுப்புங்கள். கைரேகைக் கண்ணாடியில் குளோரின் ஊற்றினால் கெட்டுவிடும். அங்கே இயந்திரத்தின் பக்கத்தில் சோப்புத் தண்ணீர் வைத்து, ரேகை வைத்த பிறகு கை கழுவச் சொல்வதே நடக்கக்கூடியது. அலுவலகத்தில் கைரேகை வருகைப்பதிவை மூன்று வாரம் நிறுத்திவைத்தால் ஒன்றும் குடிமுழுகாது.

கண் மருத்துவமனையிலேயே நோய் ஒட்டுமா?

ஒட்டும். அடினோவைரஸ் பரவல்களில் கண் மருத்துவமனைகளே மையமாக இருந்த நிகழ்வுகள் மருத்துவ உலகில் நன்கு அறியப்பட்டவை. கண் சிவந்தவருக்கு வாசலிலேயே தனி வரிசை, தனி நாற்காலி, ஒரே அறை. கண் அழுத்தத்தைத் தொட்டு அளப்பதை மிகத் தேவையானால் தவிர விட்டுவிடுங்கள். அளந்தே ஆக வேண்டுமென்றால் கருவி முனையை 0.5 சதவீத குளோரின் கரைசலில் 5 முதல் 10 நிமிடம் ஊறவைத்து, நன்றாக அலசி, உலர்த்த வேண்டும். ஆல்கஹால் பஞ்சால் துடைப்பது நம்பத் தகுந்ததல்ல. அலசாமல் பயன்படுத்தினால் மிச்சமிருக்கும் குளோரின் கருவிழியின் மேல்தோலைச் சுடும்.

கண்பாவையை (கருவிழியின் நடுத் துளையை) விரிக்கும் சொட்டு மருந்துப் புட்டி ஒன்றை ஐம்பது பேருக்குப் போடும் வழக்கம் இந்தக் காலத்தில் ஆபத்தானது. இமை முடியில் முனை ஒருமுறை பட்டால் அந்தப் புட்டியே தொற்றுப் புட்டி. கண்புரை முகாமுக்கு வருபவரில் சிவந்த கண் உள்ளவரைப் பேருந்தில் ஏற்றுமுன்பே பிரித்துவிடுங்கள்.

இலவசமாகச் சொட்டு மருந்து விநியோகிக்கலாமா?

ஆன்டிபயாட்டிக் சொட்டு வைரஸைக் கொல்லாது. பாக்டீரியா சேர்ந்தால் மட்டும் உதவும், அதை மருத்துவர் பார்த்துச் சொல்ல வேண்டும். மொத்தமாக வாங்கி வீடுவீடாகக் கொடுத்தால் வீட்டில் நான்கு பேர் ஒரே புட்டியைப் பயன்படுத்துவார்கள். மருந்தே நோயைக் கடத்தும். அந்தப் பணத்தில் சோப்பும் ஆளுக்கொரு துண்டும் கொடுங்கள்.

இதை விட மோசம், மருந்துக்கடையில் சீட்டில்லாமல் வாங்கும் ஸ்டீராய்டு கலந்த சொட்டு. ஒரே நாளில் சிவப்பு குறையும். அதனால்தான் அக்கம்பக்கத்தில் பெயர் பரவுகிறது. ஆனால் வைரஸ் வெளிப்படும் நாள் நீளும், கண் அழுத்தம் கூடலாம், ஹெர்பீஸ் வைரஸோ பூஞ்சையோ இருந்தால் கருவிழியே போகலாம். மருந்துக்கடைகளில் இதைக் கட்டுப்படுத்துவது பரவல் காலத்தின் மிகப் பொருத்தமான நடவடிக்கைகளில் ஒன்று.

தாய்ப்பால், நந்தியாவட்டைப் பூச்சாறு, விளக்கெண்ணெய் எதையும் கண்ணில் விட வேண்டாம். பெரியவர்களிடம் சொல்லும்போது அவர்கள் பழக்கத்தைக் கேலி செய்யாமல், கொதித்து ஆறிய தண்ணீரில் நனைத்த பஞ்சால் துடைத்து, பஞ்சை உடனே மூடிய குப்பையில் போடும் வழியைக் காட்டுங்கள். அந்த இடத்தை அது நிரப்பும்.

நீச்சல் குளம்?

தண்ணீரில் குளோரின் 1 பிபிஎம்-க்கு (லிட்டருக்கு 1 மில்லிகிராம்) குறையாமலும் கார அமிலத்தன்மை (pH) 7.0 முதல் 7.8-க்குள்ளும் இருந்தால் திறந்திருக்கலாம். அளந்து எழுதிவைக்காத குளத்தை மூடுங்கள்.

நாம் எடுத்த நடவடிக்கையால்தான் குறைந்தது என்று எப்படிச் சொல்வது?

தேதியைப் பாருங்கள். அடினோவைரஸ் பரவலில் இன்று தொடங்கிய நடவடிக்கையின் பலன் எண்ணிக்கையில் தெரிய குறைந்தது ஐந்து நாள், முழுதாகத் தெரிய பன்னிரண்டு நாளுக்கு மேல் ஆகும். ஏனென்றால் இந்த வாரம் வருபவர்கள் போன வாரமே தொற்றியவர்கள். மறுநாளே குறைந்தது என்றால் அதற்கும் உங்கள் உத்தரவுக்கும் தொடர்பில்லை. அது ஏற்கெனவே இறங்கிக்கொண்டிருந்தது. என்டெரோ வகையில் மூன்று நான்கு நாளிலேயே மாற்றம் தெரியலாம்.

பரவல் எப்படியும் தானாகத் தணியும். ஒட்டக்கூடியவர்களுக்கு ஒட்டி முடிந்ததும் இறங்கும். கடைசியாகச் செய்த வேலைக்கே பெருமை போவது இதனால்தான். ஆகவே ஒப்பீடு வேண்டும். குழாய் கட்டிய பள்ளி, கட்டாத பள்ளி. ஊதிய விடுப்பு தந்த விடுதி, தராத விடுதி. வீட்டுக் கணக்கு இன்னும் தெளிவானது. பத்து வீட்டில் முதல் நோயாளிகள் போக 30 பேர் இருந்து, அவர்களில் 12 பேருக்கு ஒட்டினால் 40 சதவீதம். துண்டு தனித்தனியாகக் கொடுத்த பிறகு புதிதாகத் தொடங்கிய வீடுகளில் இதே கணக்கு 20 சதவீதம் ஆனால், பலன் இருப்பதற்கு அது ஓரளவு நல்ல சான்று.

யாரைக் காத்திருக்கவிடாமல் உடனே அனுப்ப வேண்டும்?

பிறந்து ஒரு மாதம் ஆகாத குழந்தை, கான்டாக்ட் லென்ஸ் அணிபவர், பார்வை மங்கியவர், கடும் வலியோ வெளிச்சத்தில் கண் திறக்க முடியாத நிலையோ உள்ளவர், கருவிழியில் வெள்ளைப் புள்ளி தெரிபவர், வயலில் நெல்லோ வைக்கோலோ கண்ணில் பட்ட பிறகு சிவந்தவர். இவர்களுக்கு இது மெட்ராஸ் ஐ என்று தெருவே சொன்னாலும் அன்றே கண் மருத்துவர் பார்க்க வேண்டும். சந்தேகம் இருந்தால் 104-ஐ அழைக்கலாம்.

எப்போது நிறுத்துவது?

வாரக் கணக்கு வழக்கமான அளவுக்குத் திரும்பி, அதன் பிறகு இரண்டு மறைவுக் காலம் கடந்ததும். அடினோ என்றால் மூன்று வாரத்துக்கு மேல், என்டெரோ என்றால் ஒரு வாரம் போதும். தனி வரிசையையும் கைரேகை நிறுத்தத்தையும் அப்போது எடுத்துவிடலாம், கட்டிய குழாயை எடுக்காதீர்கள். அடினோவைரஸ் என்றால் கண் மருத்துவப் பிரிவில் ஆட்களைக் குறைக்க இன்னும் ஒரு மாதம் பொறுங்கள். சிவப்பு போய் இரண்டு மூன்று வாரம் கழித்து, 'எழுத்து புகைமூட்டமாகத் தெரிகிறது' என்று கருவிழிப் புள்ளியோடு ஒரு கூட்டம் திரும்பி வரும். ஸ்டீராய்டு தேவையா, எவ்வளவு நாள், எப்படிக் குறைத்து நிறுத்துவது என்று மருத்துவர் உட்கார்ந்து முடிவு செய்ய வேண்டியது அவர்களுக்குத்தான்.